பிள்ளையைக் கொடுக்க நினைக்கும் முன்



இன்று நான் பேச வந்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். கூட்டத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பிரசவ வார்டில் இரவு நேரத்தில் நர்ஸின் காதோடு கேட்பார்கள்: "அம்மா, இந்தப் பிள்ளையை எங்களால வளர்க்க முடியாது. யாருக்காவது குடுத்துடலாமா?"

அப்படிக் கேட்பவரைத் திட்டாதீர்கள். வறுமை, தீராத வியாதி, வீட்டில் சாவு என்று எத்தனையோ இருக்கும். மூன்றாவதும் பெண்ணாய்ப் போச்சு என்பதை மட்டும் நான் கஷ்டத்தில் சேர்க்க மாட்டேன்.

இந்த நேரம் பார்த்து ஒருவர் வருவார். "தெரிஞ்சவங்க இருக்காங்க, பத்திரத்துல கையெழுத்துப் போடுங்க, செலவுக்குப் பணமும் தருவாங்க" என்பார். பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி விற்றவருக்கும் வாங்கியவருக்கும் 5 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் அபராதம். ஆஸ்பத்திரி ஆட்களே செய்தால் 7 ஆண்டு வரை போகும்.

நேரான வழி இருக்கிறது. குழந்தைகள் நலக் குழுவின் முன் பிள்ளையோடு போய், காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் விசாரிப்பார்கள், ஆலோசனை சொல்வார்கள். அதன் பிறகுதான் ஒப்படைப்புப் பத்திரம். கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும். "அவ படுத்திருக்கா, நான் போட்டா போதாதா?" என்றால் போதாது. ஒருவர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ் வேண்டும்.

கையெழுத்துப் போட்டதோடு எல்லாம் முடிந்துவிடாது. மனசு மாற 2 மாதம் அவகாசம் உண்டு. இது எதற்கு என்று பெற்றவளுக்குத்தான் தெரியும். பிரசவமான மூன்றாம் நாள் பயத்தில் சொன்னதை நாற்பதாம் நாள் அவளே மறுப்பாள். மார்பில் பால் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதால் எழுந்து உட்காருவாள். அப்போது தகப்பனார்கள், "குடுத்தாச்சு, விடு" என்று வாயை அடைக்கக் கூடாது. இருவருமாகக் குழுவிடம் போய், பிள்ளை திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். விசாரித்து முடிவு செய்வார்கள்.

அவகாசம் கடந்து வேறு குடும்பம் முறைப்படி தத்து எடுத்த பின், அவர்கள்தான் அப்பா அம்மா. உங்களுக்குப் பாத்தியதை இல்லை.

எங்கே போவது என்று புரியாவிட்டால் 1098-க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது. உங்கள் கிராம சுகாதார நர்ஸிடமும் கேட்கலாம். போகும்போது பிள்ளையின் தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். என்ன ஊசி போட்டாயிற்று என்பது அடுத்து வளர்ப்பவருக்குத் தெரிய வேண்டுமல்லவா?