கைக்கு வந்த வங்கி

1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. வங்கி சாமானிய மக்களைச் சென்றடைய வேண்டும் என்பது அந்நாளைய நோக்கம். கிளைகளின் வாயிலாகத் தொடங்கிய அப்பயணம், இன்று கைபேசியின் வாயிலாக வாடிக்கையாளரின் கைக்கே வந்துவிட்டது. இதன் நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமாகும்.

முன்பு வெளியூருக்குப் பணம் அனுப்ப வரைவோலை எடுக்க வேண்டும். அல்லது மணியார்டர் செய்ய வேண்டும். 2010 நவம்பரில் தொடங்கப்பட்ட உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை, விடுமுறை நாளிலும் நள்ளிரவிலும் பணம் அனுப்ப வழிவகுத்தது. 2016இல் வந்த யு.பி.ஐ. முறை அதனை மேலும் எளிதாக்கியது. சூரத் நகர விசைத்தறிக் கூடங்களில் உழைக்கும் ஒடிசா மாநிலக் கஞ்சாம் மாவட்டத் தொழிலாளி, ஒரு நாள் கூலியை இழந்து வங்கி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இது சிறிய நன்மையன்று.

ஆனால் பணம் சென்று சேரும் கிராமத்தையும் நோக்க வேண்டும். அங்கே பெற்றோரிடம் ஸ்மார்ட்போன் இல்லாதிருக்கலாம். வங்கி முகவரிடம் விரல் ரேகை வைத்துப் பணம் பெற முயன்றால், உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகை சில வேளைகளில் பொருந்துவதில்லை. பிறரை நம்பி ரகசிய எண்ணைச் சொல்லும் நிலையும் நேர்கிறது.

மற்றொரு குறை இதனினும் பெரிது. கிளையில் கையொப்பத்தைச் சரிபார்க்க ஓர் ஊழியர் இருந்தார். கைபேசியிலோ வாடிக்கையாளரே காசாளர், அவரே மேலாளர். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை என்பதை அறியாதவரே மோசடிக்காரருக்கு எளிதில் இரையாகிறார்.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. வங்கியோ வாடிக்கையாளரோ தவறு செய்யாத நிலையில் பிறரால் நேரும் இழப்பை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. ரகசிய எண்ணைத் தாமே வெளியிட்டவர், புகார் செய்யும் வரையிலான இழப்பைத் தாமே ஏற்க வேண்டும் என்றும் கூறியது. ஆகவே காலதாமதமே பெரும் பகை. 1930 என்ற தொலைபேசி எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

இந்த விதியும் இந்த எண்ணும் கஞ்சாம் கிராமத்துக்கும் அதன் மொழியிலேயே சென்று சேர வேண்டும். பணம் செல்லும் வேகத்தில் பாதுகாப்பும் செல்லும்போதுதான் 1969இன் நோக்கம் நிறைவேறியதாகும்.