வரலாற்றுப் பட்டமும் மொழித் தாள்களும்

(அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரை)



ஜமாஅத் பெரியோர்களே, பெற்றோர்களே, பிளஸ் டூ முடித்துக் கல்லூரி வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் பிள்ளைகளே,

பொறியியல், நர்சிங், பி.காம். பற்றி மற்றவர்கள் பேசினார்கள். எங்கள் கல்விக் குழுவுக்குக் கிடைத்த தலைப்பு பி.ஏ. வரலாறு. அதிலும், வரலாற்றுப் பாடத்தைப் பற்றி நாங்கள் அதிகம் பேசப் போவதில்லை. அந்தப் பட்டத்துக்குள் வரலாறு அல்லாத தாள்கள் பல இருக்கின்றனவே, தமிழ் அல்லது அரபி, ஆங்கிலம், சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி என்று, அவற்றைப் பற்றித்தான் பேச்சு. நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

உதவித்தொகை கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் மதிப்பெண் பட்டியல் கேட்போம். "மேஜர் எல்லாம் பாஸ், இங்கிலீஷ் மட்டும் ஒண்ணு நிக்குது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஏதோ சில்லறைக் கடன் பாக்கி மாதிரி. எங்கள் கோப்பில் ஒரு பிள்ளை இருக்கிறாள். வரலாற்றுத் தாள்கள் எல்லாவற்றிலும் முதல் வகுப்பு மதிப்பெண். மூன்றாம் செமஸ்டர் ஆங்கிலம் ஒன்று நின்றுவிட்டது. கடைசித் தேர்வு முடிந்ததும் கல்யாணம், பிறகு குழந்தை. நாலைந்து வருடம் கழித்து பி.எட். சேரலாம் என்று போனபோது பட்டச் சான்றிதழ் கேட்டார்கள். அவளிடம் இருந்தது ஆறு செமஸ்டரின் மதிப்பெண் தாள்கள் மட்டும். அதற்குள் பாடத்திட்டமும் மாறிவிட்டது. மூன்று வருடம் பஸ் ஏறி இறங்கிப் படித்தவள், சட்டப்படி இன்றைக்கும் பிளஸ் டூதான்.

அதனால் கணக்கை முதலில் தெரிந்துகொள்வோம். நம் மாவட்டக் கல்லூரிகள் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. தமிழ்நாட்டில் இளநிலைப் படிப்பு ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பகுதி 1 தமிழ் அல்லது வேறொரு மொழி. பகுதி 2 ஆங்கிலம். இந்த இரண்டும் முதல் நான்கு செமஸ்டரிலும் உண்டு. பகுதி 3 தான் வரலாறும் அதைச் சார்ந்த பாடங்களும். பகுதி 4இல் திறன் சார்ந்த தாள்கள், சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி. பகுதி 5 நாட்டு நலப்பணித் திட்டம், என்.சி.சி., விளையாட்டு போன்றவை. மாநில உயர்கல்வி மன்றம் வகுத்த மாதிரிப் பாடத்திட்டத்தில் மொத்தம் 140 கிரெடிட். அதில் பகுதி 1க்கு 12, பகுதி 2க்கு 12, பகுதி 3க்கு 92, பகுதி 4க்கு 23, பகுதி 5க்கு 1.

பார்த்தீர்களா, வரலாற்றுக்கு 92. மீதி 48. அந்த 48இல் ஒன்று குறைந்தாலும் பட்டம் இல்லை. பகுதி 5க்கு உள்ள ஒரே ஒரு கிரெடிட் உட்பட.

முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்பதைப் பகுதி 1, 2, 3 மூன்றுக்கும் தனித்தனியாகவே கணக்கிடுகிறார்கள். எம்.ஏ. சேரும்போது பெரும்பாலும் பகுதி 3ஐத்தான் பார்ப்பார்கள். இந்த ஏற்பாடுதான் பிள்ளைகளை ஏமாற்றுகிறது என்பது எங்கள் எண்ணம். "மொழி மார்க்கை யார் பார்க்கப் போறாங்க" என்று சீனியர் ஒருவர் சொல்லிவிடுவார். மார்க்கைப் பார்க்காமல் இருக்கலாம். பாஸா என்று எல்லோரும் பார்ப்பார்கள்.

இனி, பகுதி 1இல் எந்த மொழி? நம் வீடுகளில் இது பெரிய கேள்வி. அரபி உள்ள கல்லூரிகளும் உண்டு, இல்லாதவையும் உண்டு. சேர்வதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். "பிள்ளை மதரஸாவில் ஓதியிருக்கான், அரபி எடுத்தால் மார்க் கொட்டும்" என்று வாப்பாமார் நினைக்கிறார்கள். எழுத்துக் கூட்டி ஓதுவது வேறு, அரபி மொழியை இலக்கணத்தோடு படித்துப் பொருள் சொல்வது வேறு. ஓதத் தெரிந்ததால் மட்டும் கல்லூரி அரபித் தாள் எளிதாகிவிடாது. இது உஸ்தாதுமாருக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பகுதி 1இல் வேறு மொழி எடுத்தால் தமிழ் அடியோடு போய்விடாது. பிளஸ் டூ வரை தமிழ் படித்தவர் அரபி எடுத்தால், பகுதி 4இல் சிறப்புத் தமிழ் என்று இரண்டு தாள் எழுத வேண்டும். தமிழே படிக்காமல் வந்தவருக்கு, உதாரணமாக மலையாளப் பள்ளியில் படித்துவிட்டு வரும் விளவங்கோட்டுப் பிள்ளைகளுக்கு, ஆறாம் வகுப்பு அளவில் அடிப்படைத் தமிழ் இரண்டு தாள். பகுதி 1இல் தமிழ் எடுத்தவர்கள் அந்த இடத்தில் வேறு துறையின் விருப்பப் பாடம் படிப்பார்கள். கல்லூரி கொடுக்கும் பட்டியலில் இது சின்ன எழுத்தில் இருக்கும். படித்துப் பாருங்கள்.

அரசு வேலையை மனதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு எங்கள் ஆலோசனை தமிழ்தான். காரணம் சொல்கிறோம். 2021 டிசம்பரில் அரசு ஆணை வந்ததிலிருந்து டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதி கட்டாயம். குரூப் 4இல் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் பாதி தமிழ். 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பாதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். பி.எட். முடித்துச் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் தேர்வு எழுதினாலும் தமிழுக்கு 50இல் 20 வேண்டும். பத்தாம் வகுப்பு அளவுத் தமிழ்தான், ஆனால் மூன்று வருடம் தமிழை ஒதுக்கி வைத்தவருக்கு அதுவே மலையாகிவிடுகிறது. யூ.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்விலும் 300 மதிப்பெண்ணுக்கு ஓர் இந்திய மொழித் தாள் உண்டு, 25 சதவீதம் வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றாக அது இருக்க வேண்டும். உருது அந்த அட்டவணையில் இருக்கிறது, அரபி இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். பகுதி 1இல் தமிழ் எடுப்பது வேறு, தமிழ் வழியில் படிப்பது வேறு. வரலாற்றுத் தாள்களையே தமிழில் படித்து எழுதுவதுதான் தமிழ் வழி. அரசு வேலையில் தமிழ் வழிக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அதைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பள்ளியில் ஆங்கில வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் மட்டும் தமிழ் வழிக்கு மாறினால் அந்தச் சலுகை கிடைக்காது.

அரபியை நாங்கள் வேண்டாம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மார்க்குக்காக எடுக்க வேண்டாம் என்கிறோம். வரலாற்றுக்காக எடுக்கிற பிள்ளை வந்தால் இந்த அறக்கட்டளை தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபி, பாரசீக, உருதுத் துறையில் இருந்த எஸ். முஹம்மது ஹுசைன் நயினார் என்ன செய்தார்? தென்னிந்தியாவைப் பற்றி அரபுப் பயணிகளும் புவியியலாளர்களும் எழுதியதையெல்லாம் திரட்டி 1942இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். போர்த்துக்கீசியர் மலபாரில் செய்த அட்டூழியங்களைப் பற்றி 16ஆம் நூற்றாண்டில் பொன்னானி ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய துஹ்ஃபதுல் முஜாஹிதீனையும் அதே ஆண்டு மொழிபெயர்த்தார். அரபி தெரிந்ததால் வரலாற்றுக்குக் கிடைத்த லாபம் அது.

மொழி தெரியாமல் வரலாறு படிக்க முடியாது என்பதற்கு நம் மாவட்டத்தைவிட நல்ல சாட்சி வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பிரமாணத்தை எடுத்துப் பாருங்கள். மலையாள எழுத்து, கொல்லம் ஆண்டு. 1110 என்று போட்டிருந்தால் 825 கூட்டிக்கொள்ள வேண்டும், 1934-35. பள்ளிவாசல் சொத்துக்கு வழக்கு வந்தால் அதைப் படித்துச் சொல்ல யாரைத் தேடுகிறோம்? எழுபது, எண்பது வயதுப் பெரியவர்களை. அவர்களுக்குப் பிறகு?

கல்வெட்டுப் பக்கம் போனால் வட்டெழுத்து. உம்மும்மா ஓதிய மாலைப் பாட்டுகள் அரபுத்தமிழில், அதாவது அரபி எழுத்தில் எழுதிய தமிழில். தக்கலை பீர் முஹம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி தமிழில். மிஷனரிகள் நாஞ்சில் நாட்டைப் பற்றி எழுதியது ஆங்கிலத்தில். 1741 குளச்சல் போரில் தோற்றவர்கள் டச்சு மொழியில் எழுதிவைத்தார்கள். நல்லவேளை, டச்சுத் தாளை இன்னும் யாரும் கட்டாயமாக்கவில்லை!

கல்லூரியில் சேர நிபந்தனை வைப்பதும் நம் மண்ணுக்குப் புதிது இல்லை. கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் அதோடு ஒரு சாலையும் நிறுவினான். சாலை என்றால் தங்கிப் படிக்கும் இடம். 95 மாணவருக்கு இடம். சேர வருகிறவனுக்கு வியாகரணம், புரோகிதம், மூன்று அரசுகளின் நடைமுறை ஆகியவை தெரிந்திருக்க வேண்டும் என்று செப்பேட்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். வியாகரணம் என்றால் இலக்கணம். ஆக, அன்றைக்கும் மொழித் தாள் உண்டு, பொதுத் தாளும் உண்டு. வேதம் ஓதும் பிராமணருக்கு மட்டுமான இடம் அது; நம் முன்னோருக்கும் நம் அண்டை வீட்டாரில் பலருக்கும் அங்கே கதவு திறந்திருக்காது. இன்று திறந்திருக்கிறது. திறந்த கதவுக்குள் போய் ஆங்கிலத் தாளோடு நின்றுவிடுகிறோமே என்பதுதான் வருத்தம்.

உலகம் முழுக்க இந்த வழக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் வரலாறு படிப்பவர் ஓர் அந்நிய மொழியை ஓரளவாவது கற்க வேண்டும். ஒரு அறிவியல் பாடம், ஒரு கணிதப் பாடம் என்று பொதுக் கல்வித் தாள்களும் உண்டு. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளாவில் சேரும் பிள்ளைகளுக்கு 2024 முதல் நான்கு ஆண்டுப் பட்டத் திட்டம். அங்கே தாள்களின் பெயரும் கிரெடிட் கணக்கும் வேறு. இங்கே நாங்கள் சொன்ன எண்களை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் வழியில் வரலாறு படிக்கும் பிள்ளைக்கும் பகுதி 2 தப்பாது. சுசீந்திரம் கோயிலைப் பற்றி கே.கே. பிள்ளை 1953இல் எழுதிய பெரிய ஆராய்ச்சி நூல் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. நம் ஊர்க் கல்வெட்டுகளைத் தொகுத்த திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையும் ஆங்கிலத்தில். நம் ஊரைப் பற்றிப் படிக்கவே அந்த மொழி வேண்டியிருக்கிறது. பயம் இருக்கும். அந்தப் பயத்துக்கு மருந்து கைடு புத்தகம் இல்லை. தினம் அரை மணி நேரம் ஏதாவது ஆங்கிலத்தில் வாசிப்பதுதான்.

தமிழ்த் தாளை லேசாக எண்ணுகிறவர்களுக்கு, கோட்டாறு இடலாக்குடியில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் ஒருவர் போதும். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் கவனித்துப் பதில் சொன்னவர். சீறாப்புராணத்துக்கு உரை எழுதியவர். அவர் பெயரில் இடலாக்குடியில் பள்ளிக்கூடம் இருக்கிறது. அந்தத் தெருவிலிருந்து வரும் பிள்ளை தமிழில் அரியர் வைத்துக்கொண்டு வந்தால் எங்களுக்குத் தாங்கவில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். வருகிற கல்வி ஆண்டிலிருந்து நம் உதவித்தொகை விண்ணப்பத்தில் பகுதி 1, பகுதி 2, பகுதி 4 நிலவரத்தையும் எழுத வேண்டும். அரியர் இருப்பதால் யாருடைய உதவித்தொகையும் நிற்காது. மறைத்தால்தான் சிக்கல். அரியர் தாளுக்கான தேர்வுக் கட்டணத்தை அறக்கட்டளையே கட்டும், ஒரு தாளுக்கு இரண்டு முறை வரை. ஞாயிறு காலை ஆங்கில வகுப்பு அலுவலக மாடியில் நடக்கும். உம்மாமார் கூட வருவதென்றால் கீழே உட்கார இடம் உண்டு. கல்யாணம் பேசி முடித்த பெண் பிள்ளைகளுக்குத் தாள் நிலுவை இருந்தால், மாப்பிள்ளை வீட்டாரிடம் அதை முதலிலேயே சொல்லித் தேதி குறியுங்கள். தேவைப்பட்டால் ஜமாஅத் பெரியவர்கள் வந்து பேசத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள்.

முன்பு படித்து, ஒன்றிரண்டு தாளோடு விட்டுப்போனவர்கள் நம் தெருக்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அக்காவோ, மாமியோ, அண்ணனோ, யாராக இருந்தாலும் பதிவெண்ணையும் பழைய மதிப்பெண் தாள்களின் ஜெராக்ஸையும் கொண்டு வரச் சொல்லுங்கள். பழைய பாடத்திட்டத்துக்கு எழுத வாய்ப்பு இன்னும் இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தில் கேட்டுச் சொல்வோம். அசலை லேமினேட் செய்துவிடாதீர்கள், பின்னால் முத்திரை வைக்க முடியாமல் போகும்.

வஸ்ஸலாம்.