யந்திரம் சொன்னால் வேதமா?



நமது செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் தொழுநோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டதும், 1955-இல் அது மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி நிலையமானதும் நீங்கள் அறிந்ததே. அந்நோயைப் பூர்வ ஜன்ம பாவம் என்று சொல்லி, நோயாளியை ஊருக்கு வெளியே துரத்தினார்கள். 1873-இல் ஹான்சன் என்ற நார்வே வைத்தியர் அதற்குக் காரணம் கிருமியே என்று கண்டார். அக்கிருமி, கை கால் நரம்புகளுக்கு உறை போடும் அணுக்களில் குடிபுகுகிறது. உறையும் நரம்பும் கெட்டால் தீ சுட்டாலும் உணர்ச்சி இராது.

இந்தக் கொழுப்பு உறைக்கு மயலின் என்று பெயர். மூளைக்குள்ளும் இது உண்டு. அங்கே அதை அழிப்பவை வேறு வியாதிகள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அவற்றில் ஒன்று. உயிரோடிருப்பவனின் மூளையை அறுத்துப் பார்க்க முடியாதல்லவா? ஆகவே எம்.ஆர்.ஐ. என்னும் காந்த யந்திரத்தால் மயலினை அளக்கிறார்கள்.

அந்த அளவை நம்பலாமா என்பதே இன்றைய கேள்வி. யந்திரம் மயலினை நேரே பார்ப்பதில்லை, தண்ணீரைத்தான் பார்க்கிறது. ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால், மயலின் மடிப்புகளில் சிக்கிய நீரின் சமிக்ஞை சுமார் 40 பங்குக்குள் அடங்கிவிடும். மற்ற நீரின் சமிக்ஞை அதைவிட நீடிக்கும். இந்த வித்தியாசத்திலிருந்து, மொத்த நீரில் மயலின் நீர் நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். மூளையில் நீர் கோத்து வீங்கினால், மயலின் குறையாமலே இந்த எண் குறையும். மூளையிலுள்ள இரும்பும் கணக்கைக் குழப்பும்.

தோழர்களே! மாமல்லபுரம் கரையில் மீன் வாங்குகிறீர்கள். தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தால், பத்துத் தடவை நிறுத்தாலும் ஒரே எடைதான் காட்டும். அதனால் அது சரியான எடையாகிவிடுமா? ஒரே பதிலைத் திரும்பச் சொல்வது வேறு. உண்மையைச் சொல்வது வேறு. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

முதலாவதற்கு, ஒரே ஆளை மறுபடியும் படமெடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு, இறந்தோரின் மூளையைப் படமெடுத்து, பிறகு அதையே மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, பூதக்கண்ணாடியில் ஒத்துப் பார்க்க வேண்டும். மூளையை அப்படிச் சீவி ஆராயும் மையம் 2022 முதல் சென்னை ஐ.ஐ.டி.யிலேயே இருக்கிறது.

இதெல்லாம் பண்டிதர்கள் சங்கதி என்று இருந்துவிடாதீர்கள். ஆரோக்கியமானவனை இரு தடவை அளந்தாலே நூற்றுக்கு 5 வித்தியாசம் வருகிறதென்று வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் பிள்ளையின் எண் நூற்றுக்கு 3 குறைந்தால், நோய் முற்றிவிட்டதென்று அழுவதற்கோ, மருந்தை மாற்றுவதற்கோ நியாயமுண்டா? ஆகவே வைத்தியரைத் தைரியமாய்க் கேளுங்கள்: "சென்ற தடவையும் இதே யந்திரமா? இதே முறையா? இதில் தவறு எவ்வளவு வரும்?"

ஜோசியன் சொன்னதைக் கேள்வி கேட்காமல் நம்பியது போதும். யந்திரம் சொன்னதையும் அப்படியே நம்பினால், சாமியை மாற்றினோமே ஒழியப் புத்தியை மாற்றவில்லை என்றுதான் அர்த்தம்.