கதை வேறு, பொய் வேறு
(பழனிசெட்டிபட்டி கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



விடுமுறை நாளில் பிள்ளைகள் மாயக்கதைப் புத்தகம் படிக்கலாமா என்பது பற்றிப் பேசும்படி இவ்வூர்த் தோழர்கள் கேட்டார்கள். பகுத்தறிவு பேசுகிறவர்களுக்கு இதென்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நாமும் அப்படி நினைத்திருந்தவர்தாம். அதனால் நமக்கு நேர்ந்த அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒரு கோடை விடுமுறையில் நம் பெண் திண்ணையில் உட்கார்ந்து, பறக்கும் குதிரையும் பேசும் பொம்மையும் வருகிற புத்தகமொன்றைப் படித்துக் கொண்டிருந்தாள். நாம் வெடுக்கென்று பிடுங்கி, “ஊரெல்லாம் மூடநம்பிக்கை கூடாதென்று சொல்லித் திரிகிறோம். நம் வீட்டிலேயே இந்தப் பொய்யா?” என்றோம். அவள் அழவில்லை. “இது கதை என்று எனக்குத் தெரியும் அப்பா. படித்துப் பார்க்காமலே பொய் என்று முடிவு கட்டினது நீங்கள்தான்” என்றாள். நமக்குப் பதில் இல்லை. அன்றிரவே விளக்கடியில் அதை முழுதும் படித்தோம். காலையில் அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தோம்.

தோழர்களே! கதைக்கும் பொய்க்கும் உள்ள பேதம் என்ன? “இது கற்பனை” என்று ஒப்புக்கொண்டு வருவது கதை. “இதுதான் உண்மை, நம்பாவிட்டால் கேடு வரும்” என்று மிரட்டுவது பொய். பறக்கும் குதிரை யாரிடமும் தட்சணை கேட்பதில்லை. ஒருவனை மேல் என்றும் மற்றவனைக் கீழ் என்றும் பிரிப்பதில்லை. புத்தகத்தை மூடினால் அதன் வேலை முடிந்தது.

இன்னும் ஒரு படி மேலே போகும் கதைகளும் உண்டு. உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ என்னும் சிறுவர் நாவலுக்கு 2023-ல் சாகித்திய அகாதமியின் பால புரஸ்கார் கிடைத்தது. அதில் இக்காலத்துச் சிறுவன் ஒருவன், கீழடியில் வெகு காலத்துக்கு முந்திய ஆதன் என்ற சிறுவனைச் சந்திக்கிறான். காலம் தாண்டி வருவது கற்பனைதான். ஆனால் கீழடி கற்பனையா? 2015-ல் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். செங்கற் கட்டடமும், எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வெளிவந்தன. ஆதன் என்ற பெயரே ஓட்டில் இருக்கிறது. அங்குக் கிடைத்த பொருளொன்றின் காலம் கி.மு. 580 வரை போகிறதென்று 2019-ல் வெளியிட்டார்கள். சந்தேகப்படும் பிள்ளை, 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய்க் கண்ணால் பார்த்துக் கொள்ளலாம். எந்தப் பொய்யாவது இப்படிச் சோதித்துப் பார் என்று கூப்பிடுமா? உங்கள் ஊரை ஒட்டி ஓடும் முல்லையாறு வைகையில் சேர்ந்து, மதுரையைத் தாண்டி, அந்தக் கீழடிப் பக்கந்தான் போகிறது.

ஆயிஷா நடராசனோ, வேதாளத்தையே விஞ்ஞானத்துக்கு வேலை வாங்கி, ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ எழுதி, 2014-ல் அதே பரிசைப் பெற்றார்.

கற்பனையே வேண்டாமென்றால் உங்கள் வயலுக்குத் தண்ணீர் ஏது? மேற்கே ஓடிக் கடலில் விழுந்த ஆற்றைக் கிழக்கே திருப்பலாமென்று முதலில் ஒருவன் மனத்தில்தானே எண்ணினான்? அவ்வெண்ணத்தைப் பென்னிகுவிக் கணக்காக்கினார்; ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் காடென்றும் காய்ச்சலென்றும் பாராமல் கல்லாக்கினார்கள்; மலையைக் குடைந்து 1895-ல் தண்ணீர் வந்தது. மந்திரத்தால் வந்ததல்ல. எண்ணத் தெரியாதவனால் அணை கட்ட முடியாது. எண்ணினதைச் சோதிக்காதவன் கட்டின அணை நிற்காது.

ஆகவே விடுமுறையில் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுங்கள். ஆணுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்ணை அடுப்படிக்கு அனுப்பாதீர்கள். காசில்லை என்று சொல்லவும் வேண்டியதில்லை. 1948-ல் செய்த நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் நீங்களே கட்டுகிறீர்கள். உங்கள் பணத்தில் நடக்கும் நூலகத்துக்குள் போக ஏன் கூச்சம்? எழுத்தறியாத பெற்றோர் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பரீட்சை வைக்காதீர்கள். “இதில் நடக்கக்கூடியது எது? நடக்க முடியாதது எது? எப்படித் தெரிந்து கொண்டாய்?” என்று மாத்திரம் கேளுங்கள். அந்த மூன்றாவது கேள்வி பழகிவிட்ட பிள்ளையை நாளைக்கு எந்தச் சாமியாரும் ஏமாற்ற முடியாது.

நாம் சொன்னதற்காக இதையும் நம்ப வேண்டாம். ஒரு புத்தகத்தை எடுத்துப் பிள்ளையோடு உட்கார்ந்து படித்துப் பார்த்து, சரியென்று பட்டால் செய்யுங்கள் என்று கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.