தரமணியில் ஒரு ரத்த வங்கி

பெருங்குடிக்காரர்களுக்குத் தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனை பக்கத்துவீடு மாதிரி. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-இல் தொடங்கிய அமைப்பு அது. அங்குள்ள ரத்த வங்கியின் பெயரிலேயே 'ரோட்டரி சென்ட்ரல்' சேர்ந்திருக்கிறது.

1905-இல் சிகாகோவில் பிறந்த ரோட்டரி சேவை அமைப்பு, 1929-இல் சென்னைக்கு வந்தது. அதன் உலக நிதியுதவிக்கு ஒரு விதி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. திட்டம் நடக்கிற ஊரிலிருந்து ஒரு சங்கம், வேறொரு நாட்டிலிருந்து ஒரு சங்கம், இரண்டும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30,000 டாலர் திட்டம். தேவை என்னவென்று இங்கிருப்பவர்கள் சொல்ல வேண்டும். முகம் பார்த்திராத ஒருவர் அங்கே அதை நம்ப வேண்டும். நட்பில்லாமல் அது நடக்காது.

இப்படிச் சேரும் காசில் ரத்த வங்கிக்கான கருவிகளை வாங்கிவிடலாம். ஆனால் ரத்தத்தை எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய முடியாது. அதிலும் தட்டணுக்கள் சுமார் 5 நாள்தான் தாங்கும். டெங்கு பரவும் மாதங்களில் அந்த 5 நாள் எவ்வளவு குறைவு என்று நோயாளியின் வீட்டாருக்குத் தெரியும்.

வயது 18 நிரம்பி, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், நல்ல உடல்நிலையில் இருக்கிறீர்களா? ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். வெறும் வயிற்றோடு மட்டும் போகாதீர்கள். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.