அடிபட்ட பிள்ளைக்கு வரும் தலைவலி



2019 பெப்ரவரியில் கன்பராவில் நடந்த டெஸ்ட் போட்டி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பெட் கமின்ஸ் வீசிய பந்து பிடரியில் பட்டு திமுத் கருணாரத்ன விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதே போட்டியில் தலைக்கவசத்தில் அடிபட்ட குசல் பெரேராவும் ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறினார். இரண்டு வாரத்துக்குள் அவரே டர்பனில் ஆட்டமிழக்காமல் 153 ஓட்டங்கள் எடுத்து இலங்கையை வெல்ல வைத்தார்.

அவர்களுக்கு மைதானத்திலேயே வைத்தியர் இருந்தார். யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மழை ஈரத்தில் ஒரு பிள்ளை படியில் வழுக்கி விழும் நேரத்தில், அம்மா பால் வெட்டவோ கொழுந்து எடுக்கவோ மலைக்குப் போயிருப்பார். பிள்ளையும் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு விளையாடப் போய்விடும். பொழுது சாயும்போதுதான் "அம்மா, தலை வலிக்குது" என்று வந்து நிற்கும்.

அப்போது முதலில் பார்க்க வேண்டியது ஆபத்தான அறிகுறிகளை. திரும்பத் திரும்ப வாந்தி, நேரம் போகப் போகக் கூடும் வலி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை காலில் பலம் குறைதல், ஆளை அடையாளம் தெரியாமல் தடுமாறுதல், எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல் வடிதல், கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், பணம் கட்டத் தேவையில்லை. கரவனெல்ல ஆதார வைத்தியசாலையோ அவிசாவளையோ, எது கிட்டவோ அங்கே கொண்டு போங்கள்.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை வைத்தியரிடம் காட்டுவது நல்லது. அடிபட்ட பிள்ளையைத் தூங்கவே விடக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வைத்தியர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை தாராளமாகத் தூங்கலாம். அந்தத் தூக்கம் அதற்குத் தேவை.

ஸ்கேன் எடுத்து "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள், இன்னும் தலை வலிக்கிறது என்கிறானே, நடிக்கிறானோ? பல பெற்றோர் கேட்கும் கேள்வி இது. நடிப்பில்லை. ஸ்கேன் காட்டுவது இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். அடியில் மூளை குலுங்கும் மூளையதிர்ச்சி அதில் தெரியாது. குலுங்கிய மூளையின் நரம்பணுக்களுக்குச் சில நாட்கள் வழமையைவிட அதிக சக்தி வேண்டும், அந்த நேரம் பார்த்து இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். கழுத்துத் தசையும் சுளுக்கியிருந்தால் வலி பிடரியிலிருந்து ஏறும். வீட்டில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி இருந்தால், பிள்ளைக்கும் அதே மாதிரி வெளிச்சமும் சத்தமும் தாங்காத வலி வரலாம். தகரக் கூரையில் மழை கொட்டும் வகுப்பறையில் அந்தப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தால், ஆசிரியர்களே, தயவுசெய்து அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள்.

பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தேறிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு நான்கு வாரம் வரை போகலாம்.

முன்பெல்லாம் இருட்டறையில் நாட்கணக்காகப் படுக்க வைக்கச் சொன்னார்கள். 2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து நாள் கட்டாய ஓய்வெடுத்த இளையோருக்கே உபாதைகள் கூடுதலாக இருந்தன. இப்போதைய வழி, முதல் ஒன்றிரண்டு நாள் அளவான ஓய்வு. அந்த நாட்களில் போனையும் டிவியையும் தள்ளி வையுங்கள். முதல் 48 மணி நேரம் திரையைத் தவிர்த்த இளையோர் விரைவாகத் தேறியதை 2021இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. அதன்பிறகு மெதுவான நடை. நம் ஊரில் நடை என்றாலே ஏற்றம்தான், அதனால் சமதரையான துண்டு ஒன்றைப் பார்த்து நடக்க விடுங்கள். தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் கொஞ்ச நாள் வேறு யாராவது தூக்கட்டும்.

வலியை அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பூச்சியத்திலிருந்து பத்துவரை எண் சொல்லச் சொல்லுங்கள். படிக்கும்போதோ நடக்கும்போதோ மூன்று ஐந்தாகி, ஒரு மணித்தியாலத்துக்குள் இறங்கிவிட்டால் பயமில்லை, தொடரலாம். அதற்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளட்டும். பாடசாலைக்கும் இதுவே கணக்கு. முதலில் அரை நாள், இடையில் ஓய்வு, பிறகு முழு நாள். புலமைப்பரிசிலோ சாதாரண தரமோ கிட்ட வந்தாலும் இரவு டியூஷனைச் சில நாள் விடுங்கள். நேரத்துக்குத் தூக்கம், காலையில் ஒரு ரொட்டியாவது சாப்பிட்டுவிட்டுப் போவது, தண்ணீர்: மாத்திரை அளவுக்கு இவையும் வேலை செய்யும்.

மாத்திரை என்றால் பனடோல். வயதைவிட எடைதான் கணக்கு. 20 கிலோ பிள்ளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். டிஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் புரூஃபன் பக்கமும் போகாதீர்கள், நம் பகுதியில் டெங்கு எப்போதும் இருக்கிறது. முதல் சில நாள் கழிந்தபின் பனடோலையும் வாரத்துக்கு இரண்டு மூன்று நாளோடு நிறுத்த வேண்டும். மாதத்தில் பாதி நாட்களுக்கு மாத்திரை போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். பின்னேரமானதும் கடைக்குப் போய் இரண்டு பனடோல் வாங்கிவரும் பழக்கத்தில் எனக்குப் பெரிய கவலை இது.

அடிபட்ட அன்றே திரும்ப விளையாடவே கூடாது. வலி முழுதாகத் தீரும்முன் இன்னோர் அடி விழுந்தால் ஆறுவதற்கு இன்னும் நாளாகும், அரிதாக உயிருக்கும் ஆபத்து. சர்வதேச கிரிக்கெட்டில் 2019 ஓகஸ்ட் முதல், மூளையதிர்ச்சி கண்ட வீரருக்குப் பதிலாக இன்னொருவர் இறங்கி ஆடலாம். தோட்டத்து அணியிலும் அந்தப் பிள்ளையின் இடத்தில் வேறொரு பிள்ளை ஆடட்டும். திரும்ப இறங்குவது வைத்தியர் சொன்ன பிறகு, படிப்படியாக.

நான்கு வாரம் தாண்டியும் தலைவலி போகவில்லை, எரிச்சலும் தூக்கக் குறைவும் இருக்கிறது என்றால் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். ஒற்றைத் தலைவலி போன்ற வலிக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது, கழுத்து வலிக்குப் பயிற்சி இருக்கிறது. போகும்போது ஒரு கொப்பியும் கையில் இருக்கட்டும். எந்தத் திகதியில் வலித்தது, எண் என்ன, அன்று எத்தனை மாத்திரை, இரவு தூங்கினானா என்று அதில் எழுதியிருந்தால், வைத்தியருக்கு உங்கள் பிள்ளையின் வலி முழுதாகப் புரியும்.