ஊரே பேரான கதை

 

பரிசளிப்பு விழா என்றால் "நன்றாகப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்காருவது வழக்கம். இன்று நான் ஒரு பேரின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அந்தப் பேர் 'கத்ரி'. "என்னய்யா இது, கத்திரிக்காய் மாதிரி இருக்குதே" என்று பிள்ளைகள் சிரிக்கலாம். பெரியவர்கள் சிரிக்கமாட்டார்கள். கித்தா மரம் சீவிய நம்மவர்களுக்குக் கத்ரி கம்பெனியின் பேர் புதிதல்ல.

ஸ்காட்லாந்தின் கிழக்குப் பக்கம் ஆங்கஸ் என்றொரு வட்டாரம். அங்கே கத்ரி என்பது ஒரு சிற்றூர். 'காற்று வீசும் இடம்' என்று கேலிக் மொழியில் பொருள் சொல்வார்கள். அந்த நிலத்துக்கு உடைமைக்காரக் குடும்பம் ஊரின் பேரையே தன் பேராக வைத்துக்கொண்டது. 1468-இல் டேவிட் கத்ரி என்பவர் அரசரிடம் உத்தரவு வாங்கி அங்கே கோட்டை கட்டினார்.

இதற்கு வேடிக்கைக் கதையும் உண்டு. புயலில் சிக்கிக் கரையேறிய அரசருக்கு ஒரு மீன்காரி மீன் சுத்தம் செய்தாளாம். அப்போது 'மூன்று மீனைக் குடலெடு' என்ற ஆங்கிலப் பேச்சே 'கட்-த்ரீ' ஆகி, கத்ரி ஆனதாம்! கதை ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர்தான் முந்தி, மீன் பிந்தி.

அந்த வட்டாரத்தில் பிறந்த அலெக்சாண்டர் கத்ரி 1821-இல் சிங்கப்பூருக்கு வந்து வியாபாரம் தொடங்கினார். பிற்காலத்தில் அந்தக் கம்பெனி மலாயாவில் பெரிய பெரிய தோட்டங்களை நடத்தியது. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி, லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப் பொழுதில் அது மலேசியர் கைக்கு வந்தது. 2007-இல் சைம் டார்பியோடு இணைந்தது. 2024-இல் அந்தத் தோட்டக் கம்பெனி 'எஸ்டி கத்ரி' என்று மறுபடியும் பழைய பேரையே சூட்டிக்கொண்டது. பாருங்கள், கை மாறியும் பேர் போகவில்லை!

இன்னொரு கத்ரியையும் சொல்லவேண்டும். அதே ஆங்கஸில் பிறந்த தாமஸ் கத்ரி பாதிரியார், 1847-இல் எடின்பரோவில் தெருப்பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் தரும் பள்ளியைத் தொடங்கினார். ஒரு பிள்ளையோடு நிற்கும் கோலத்தில் அவருக்கு அங்கே சிலை இருக்கிறது.

சரி, நமக்கு இந்த வழக்கம் இல்லையா? இல்லாமல் என்ன! சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனார் பேரில் பூங்குன்றம் இருக்கிறது. ஒக்கூர் மாசாத்தியார், கோவூர் கிழார் எல்லாம் ஊரோடு சேர்ந்த பேர்களே. உ.வே.சாமிநாதையரின் 'உ' உத்தமதானபுரம். பெரியார் ஈ.வெ.ரா.வின் 'ஈ' ஈரோடு.

ஆனால் கப்பலேறி வந்த நம் பாட்டன் பூட்டன் பேரில் அந்த எழுத்து என்ன ஆயிற்று? பெரட்டில் பேர் கூப்பிட்டபோது ஊருக்கு இடமில்லை. இன்று நம் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்று அப்பா பேர் இருக்கிறது, ஊர் இல்லை. தோட்டம் போட்ட கம்பெனியின் பேர் பலகையில் நிற்கிறது. காட்டை அழித்துக் கன்று நட்ட கையின் பேர் பலகை ஏறவில்லை. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நாமே எழுதி வைக்காவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

மாணவச் செல்வங்களே, வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நம்ம ஆளுங்க எந்த ஊரு? எந்த ஜில்லா? எந்த வருஷம் வந்தாங்க? முதலில் எந்தத் தோட்டத்தில் இறங்கினாங்க? ஜாதியைக் கேட்கச் சொல்லவில்லை, ஊரைத்தான் கேட்கச் சொல்கிறேன். கேட்டதை நோட்டுப் புத்தகத்தில் எழுதித் தேதி போடுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகிறார்கள்.

பெற்றோர்களே, தோட்டங்கள் துண்டாடப்பட்டதையும், லயங்கள் காலியாகி வீடமைப்புகள் எழுந்ததையும் கண்டவர்கள் நீங்கள். நாளை உங்கள் பிள்ளை பினாங்கிலோ கோலாலம்பூரிலோ வேலைக்குப் போவான். அங்கே "நீ எந்த ஊரு?" என்று கேட்பார்கள். தலை குனியாமல் "பாடாங் மேஹா" என்று சொல்லும்படி வளர்த்துவிடுங்கள். கோட்டை கட்டியவனுக்கு மட்டும் ஊர்ப் பேர் சொந்தமல்ல. உழைத்தவனுக்கும் அது சொந்தம்.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கும், அடுத்த ஆண்டு பெறப்போகும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்துகள்.